மூன்றாம் தட்டில் ஒன்று

அன்று சூளைக் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சிற்பி கொளஞ்சி, அவர் மனைவி அஞ்சலாட்சி, பல வருஷமாக அவருடன் வேலை செய்யும் ஜெரினா, சென்னையில் அவருடைய பீங்கான் சிற்பங்களைக் கண்காட்சியாக வைக்கப்போகும் மிருதுளா, அவள் வந்த வேனை ஓட்டிவந்த லாரன்ஸ். நாய் கணக்கில் இல்லை, அது வாசலோடு நின்றுவிட்டது. இந்த ஐந்து பேரில் தன்னைத் தவிர மற்ற நான்கு பேருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது என்று கொளஞ்சிக்குப் பட்டது. எதையோ தெரிந்து வைத்திருப்பவர்களின் முகம், மேலே பூசின கிளேஸ் முழுதாக உருகாமல் பாதியில் நின்றுபோன ஜாடி மாதிரி இருக்கும், பளபளப்பும் வராது, சொரசொரப்பும் போகாது. அப்படித்தான் ஜெரினாவின் முகம் இருந்தது. சூளைக் கதவை அடைத்திருந்த செங்கற்களை அவள் ஒவ்வொன்றாக உருவி ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து வெந்த மண்ணின் வறண்ட வாசனை வந்தது. கொளஞ்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல இடப்பக்கச் சுவருக்குக் கையை நீட்டினார். ஆணி இருந்தது, கயிறு இல்லை. கண்ணில் விட்ட சொட்டு மருந்து இன்னும் கலங்கலாக இருந்ததால் கையை நம்பாமல் மறுபடி தடவிப் பார்த்தார். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது, ஆணி குளிர்ச்சியாக இருந்தது, கயிறு இல்லை. பீங்கான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து, விருத்தாசலத்தைத் தாண்டி இந்த முந்திரித் தோப்புக்குப் பக்கத்தில் சொந்தச் சூளை கட்டிய நாளிலிருந்து அந்தப் பருத்திக் கயிறு அங்கேதான் தொங்கியது. ஒவ்வொரு முறை சூளை பிரிக்கும்போதும், முதல் சாமான் வெளியே வந்ததும் அவர் அதில் ஒரு முடிச்சுப் போடுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவருக்கு எழுதி வைப்பதைவிட முடிந்து வைப்பதில்தான் நம்பிக்கை. இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு முடிச்சு. போன தடவைகூட விரலால் ஓட்டிப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு.

யார் எடுத்திருப்பார்கள்? கேட்டுவிடலாம், ஒரே வார்த்தை, இங்க ஒரு கயிறு இருந்துச்சே, அவ்வளவுதான். ஆனால் கேட்டால் எடுத்தவர் உஷாராகிவிடுவார், எடுக்காதவர் இந்த மனுஷனுக்குக் கண்ணோடு புத்தியும் மங்குகிறது என்று நினைப்பார். இரண்டில் எது மோசம் என்று அவருக்குத் தெரியவில்லை. மிருதுளாதான். வேறு யார்? போன மாசம் வந்தபோது கொட்டகை முழுக்கச் சுற்றி, தரையில் விரித்து வைத்திருந்த வேலையை எல்லாம் தாண்டிப் போய் அந்த ஆணிக்கு முன்னால் நின்றாள். "சார், உங்களோட உண்மையான ஒர்க் இதுதான், இத எங்களுக்குக் குடுப்பீங்களா?" என்றாள். "அது கயிறும்மா" என்றார் அவர். "தெரியும் சார், அதனாலதான்" என்றாள். அதனாலதான் என்றால் எதனால்? கயிற்றைக் கயிறு என்று தெரிந்தே கேட்கிறவளை என்ன சொல்வது? இன்று சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிறாள், தோளில் ஒரு பெரிய பை, அதில் இருநூற்றுப் பன்னிரண்டு முடிச்சுக் கயிறு என்ன, அவரையே சுருட்டிப் போடலாம். வந்ததும் வராததுமாக அவள் டிரைவர் கொட்டகைக்குப் பின்பக்கம் போய் வந்தான். எங்கே போனாய் என்று கேட்க முடியுமா? ஆம்பிளை பின்பக்கம் போனால் எதற்கென்று ஊருக்கே தெரியும். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது என்று புகாரை எழுதிக் கட்டினால் களவு போன மாடுகூடத் திரும்பி வருகிறது என்பார்கள். அந்தச் சாமி பேரைத்தான் அவருக்கும் வைத்தது. ஆனால் பிராதுக்குப் பெயர் வேண்டும், இன்னார் மேல் சந்தேகம் என்று. ஐந்து பேரில் தன்னைக் கழித்து நான்கு பெயரையும் எழுதினால் சாமி சிரிக்கும். அதுவும் அவர் பிராது கட்டுகிற நிலைமையிலா இருக்கிறார்? நினைப்பு அங்கே போனதும் கொளஞ்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு எதிராகப் பிராது கட்ட வேண்டிய ஒருத்தி, நாலடி தள்ளிக் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து கேசரித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலாட்சி சூளை பிரிக்கும்போது வந்ததே இல்லை. வெந்ததைப் பார்க்க எனக்கு அடுப்படி போதாதா என்பாள். இன்று வந்திருக்கிறாள். கேசரியும் கிண்டியிருக்கிறாள். கேசரி எதற்கு? கொளஞ்சிக்குத் தெரிந்து இன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை. அவர் கண் தானாகச் சூளையின் அடிப்பக்கம் போனது, கதவின் கீழ்ப்பாதி இன்னும் அடைத்தே இருந்தது. சூளைக்குள் மூன்று தட்டு. மேல் தட்டில் பதினைந்து, நடுத்தட்டில் பன்னிரண்டு, கீழே மூன்றாம் தட்டில் பதினொன்று, ஆகமொத்தம் முப்பத்தெட்டு. மூன்றாம் தட்டில், பின்சுவரை ஒட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியாக வெளியே வரும்படி அவர் ஒன்றை வைத்திருக்கிறார். அதை வைத்தது அவருக்கு மட்டும் தெரியும். அவர் வேலையே அதுதான். வீட்டில் கிடக்கிற ஒரு பொருளை எடுத்து, களிமண்ணைப் பால் பதத்துக்குக் கரைத்த ஸ்லிப்பில் முக்கி, காயவிட்டு, மறுபடி முக்கி, சூளையில் வைப்பார். தீயில் பொருள் எரிந்து போய்விடும், அதன்மேல் ஒட்டிய மண் மட்டும் வெந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் நிற்கும். பீர்க்கங்கூடு, இட்லித் துணி, முறம், விளக்குமாறு, ரொட்டித்துண்டு, உறி. தொட்டால் நொறுங்குகிற வெள்ளைத் தோல். பொருள் போன பிறகும் அதன் உருவம் போகாமல் இருப்பதைப் பார்த்துப் படித்தவர்கள் கண் கலங்குகிறார்கள். அவருக்குக் கண் கலங்குவது கண் அழுத்தத்தால். முறம் போனபோது அஞ்சலாட்சி வேறு முறம் வாங்கினாள். அவள் அம்மா பின்னின விசிறி போனபோது, "சொல்லிட்டு எடுங்க" என்றாள், அவ்வளவுதான். இந்தத் தடவை அவர் சொல்லாமல் எடுத்தது, அவள் டிரங்குப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த ஒரு சதுரத் துணி. சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் நெய்வேலி மைதானத்தில் எண்ணூறு மீட்டர் ஓடியபோது அவள் நெஞ்சில் குத்தியிருந்த நம்பர். நூற்றுப் பதினேழு. கல்யாணமான புதிதில் ஒரு தடவை, மாவாட்டிக்கொண்டே, நாலாவதா வந்தேன் என்று சொன்னாள். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. நாலாவதாக வந்தவளுக்குப் பதக்கம் இல்லை, சான்றிதழ் இல்லை, போட்டோ இல்லை, அந்தத் துணிதான் இருந்தது.

ஏன் எடுத்தார்? நெசவு. அவ்வளவு மெல்லிய நெசவு, இந்தக் காலத்தில் கிடைக்காது, ஸ்லிப் அதில் ஒரு தோல் மாதிரிதான் படியும், வெந்தால் வெளிச்சம் ஊடுருவும். நாலு மூலையிலும் காற்றில் லேசாக மடங்கின மாதிரி நிறுத்தி வைத்தார். வாழ்நாளில் தான் செய்ததிலேயே நல்லது அதுதான் என்று கை சொன்னது. அந்த நேரத்தில் மனசு என்ன சொன்னது என்று இப்போது யோசித்தால் பிடிபடவில்லை. அவள் மறந்திருப்பாள் என்று சொன்னதோ. மறந்ததை யாராவது பெட்டியின் அடியில் பூச்சிமருந்து உருண்டை போட்டு வைப்பார்களா? துணியில் ஊக்குகள் குத்தியே இருந்தன, நான்கு. இரும்பு சூளைக்குள் போனால் கருகிக் கறை விடும், தட்டையும் கெடுக்கும், அதனால் கழற்றினார். கழற்றியதைத் தூக்கி எறிய மனசு வரவில்லை, நல்ல ஊக்கு, துருகூடப் பிடிக்காதது, நான்கையும் ஒன்றில் ஒன்று கோத்துப் பெட்டியிலேயே திரும்ப வைத்தார். இப்போது துணி எரிந்திருக்கும், மை எரிந்திருக்கும், நம்பர் இருக்காது, வெறும் வெள்ளைச் சதுரம். இட்லித் துணி என்று சொன்னால் அவள் நம்புவாளா? மிருதுளா கேட்பாள், சார் இது என்ன துணி என்று, எல்லோர் முன்னாலும் கேட்பாள், கேட்பதுதான் அவள் வேலை. வெளியே கொடியில் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன, சேலை, அவர் வேட்டி, துண்டு, கடைசியில் கைக்குட்டை அளவில் வெள்ளையாக ஏதோ ஒன்று. கண் கலங்கலில் எல்லாமே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"மொத சாமான் எடுத்துட்டேண்ணே" என்றாள் ஜெரினா. பீர்க்கங்கூடு. கையில் ஏந்தி மேசை மேல் வைத்தாள், உடனே அடுத்ததற்குக் கையை விட்டாள். கொளஞ்சி அவள் கையையே பார்த்தார். இத்தனை வருஷமும் முதல் சாமானை எடுத்ததும் அவள் கொஞ்சம் நிற்பாள், முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல நிற்பாள், அவர் முடிச்சுப் போட்டு முடிக்கிறவரை அடுத்ததில் கை வைக்கமாட்டாள். அது அவர்களுக்குள் பேசி வைத்தது இல்லை, தானாக அமைந்தது. இன்று நிற்கவில்லை. ஆணிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அப்படியானால் கயிறு இல்லை என்று இவளுக்குத் தெரியும். தெரிந்தால் எடுத்தவள் இவள், இல்லாவிட்டால் எடுத்தவருக்கு உடந்தை. ஸ்லிப்பில் மூன்றாவதாகச் சேர்க்கிற வெள்ளைத்தூள் எவ்வளவு என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை, அவளுக்கும் இல்லை, கதவைச் சாத்திக்கொண்டுதான் கலப்பார். போன வாரம், "அண்ணே, அந்தத் தூள நான் ஒருக்கா நிறுத்துப் போடட்டா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள்? மிருதுளாவோடு போனில் சிரித்துப் பேசுகிறாள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு, சென்னையில் ஒரு சூளை போட்டு, கயிறு ஒரு பக்கம், தூள் கணக்கு ஒரு பக்கம் என்று, கிழவனை இந்த நாற்காலியிலேயே விட்டுவிட்டு... நினைப்பு ஓடி ஓடி ஒரு இடத்தில் துணி முள்ளில் மாட்டுவதுபோல மாட்டியது. மூன்றாம் தட்டை அடுக்கியது அவர். ஆனால் கதவை அடைத்தது ஜெரினா. அவர் அடுக்கி முடித்து, சாமான் ஈரம் போகட்டும் என்று இரண்டு நாள் திறந்து போட்டுவிட்டு, கண் காட்டக் கடலூருக்குப் போனார். திரும்பி வந்தபோது செங்கல் ஏறியிருந்தது. அடைக்கும்போது அவள் குனிந்து உள்ளே பார்த்திருப்பாள். பார்த்தால் அந்தச் சதுரத்தைப் பார்த்திருப்பாள். பச்சையில், வேகாத மண்ணுக்கு அடியில், கறுப்பு மை நிழல் மாதிரித் தெரியும். நூற்றுப் பதினேழு. தெரிந்திருந்தால் அண்ணியிடம் சொல்லியிருப்பாள். அண்ணியும் நாத்தனாரும் மாதிரி அவர்கள், ஒன்றைப் பிட்டால் இன்னொருத்தி வாயில் போடுகிறவர்கள்.

"பத்து" என்றார் சத்தமாக, எண்ணிக்கை தவறவில்லை என்று தனக்கே காட்டிக்கொள்ள. "பதினொண்ணு, அண்ணே" என்றாள் ஜெரினா. திரும்ப எண்ணினார். பதினொன்றுதான். வெள்ளை விளக்குமாற்றைப் பின்னாலிருந்த சுண்ணாம்புச் சுவர் என்று நினைத்துவிட்டார். லாரன்ஸ் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்து முறத்துக்கு முன்னால் நின்றான். "இதெல்லாம் எதுக்கு சார் ஆவும்? இதுல தண்ணி கிண்ணி ஊத்தினா நிக்குமா?" என்றான். "ஊத்திப் பாரு, தண்ணிக்குத்தான் கேடு" என்றாள் அஞ்சலாட்சி. ஜெரினா சூளைக்குள் தலையை விட்டபடியே சிரித்தாள். மிருதுளாவும் சிரித்தாள். "வாங்குறவங்க என்னதான் பண்ணுவாங்க?" என்று லாரன்ஸ் விடவில்லை. "கண்ணாடிப் பொட்டில வச்சிப் பூட்டுவாங்க. இந்த மனுசனுக்கு ஊட்டக் கண்டா சாமான் நெனப்பு வரும், அவுங்களுக்கு சாமானக் கண்டா ஊட்டு நெனப்பு வரும்போல" என்றாள் அஞ்சலாட்சி. கொளஞ்சி அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். இவ்வளவு பேசுகிறவள் இல்லை. பேச்சில் கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம், இல்லை, கேசரி மாதிரி இளஞ்சூட்டில் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. நடுத்தட்டும் முடிந்தது, பன்னிரண்டு, ஒன்றில்கூட விரிசல் இல்லை. ஒன்றுகூட உடையாததும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. எந்தச் சூளையும் ஒன்றிரண்டைத் தின்னாமல் விடாது. இது எதையோ தின்றுவிட்டுத்தான் இவ்வளவு சாதுவாக இருக்கிறது. ஜெரினா கீழ்ப்பாதிச் செங்கற்களை உருவ ஆரம்பித்தாள். அவர் எழுந்தார். "மூணாந்தட்ட நான் எடுக்கறேன்" என்றார். "குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலியா?" என்றாள் அஞ்சலாட்சி, அதே சூட்டில். அவர் உட்கார்ந்தார்.

இருபத்தெட்டு, உறி. இருபத்தொன்பது, முந்திரிப்பழம் வைக்கிற கூடை. முப்பத்து மூன்று, சாக்குத் துண்டு. முப்பத்தைந்து. ஒவ்வொன்றுக்கும் ஜெரினாவின் கை இன்னும் கொஞ்சம் உள்ளே போனது, முழங்கை, தோள், கடைசியில் பாதி உடம்பே உள்ளே. கொளஞ்சி வாயில் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தார், இட்லித் துணி, நம்மூட்டு பழைய இட்லித் துணி, அதையே திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்ததில் அது மண்ணாங்கட்டிபோல நாக்கில் ஒட்டிக்கொண்டது. முப்பத்தேழு. ஜெரினா மெதுவாகப் பின்வாங்கி நிமிர்ந்தாள். அவள் உள்ளங்கைகளில் இருந்தது சதுரம் இல்லை. சுருள். பாம்பு சுருண்ட மாதிரி வட்டம் வட்டமாக ஒன்று, வெள்ளையாக, அங்கங்கே தடித்து, அங்கங்கே ஸ்லிப் வழிந்து சொட்டாக நின்றுபோய், அதன் நெடுக மணி மணியாகப் புடைத்திருந்தது. மிருதுளா பையைக் கீழே வைத்துவிட்டு ஓரடி முன்னால் வந்தாள். முப்பத்தெட்டு வைத்தார், முப்பத்தெட்டு வந்திருக்கிறது. கணக்கு சரியாக இருந்தது, அதுதான் தப்பாக இருந்தது. அவர் சுவரைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். ஜெரினா அதை அவர் மடியில் கொண்டுவந்து வைத்தாள், வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் தள்ளி நின்றாள். இன்னும் சூடு இருந்தது. எடையே இல்லை. உள்ளே கயிறு இல்லை.

"துணி..." என்றார். தயாராக வைத்திருந்த பொய் எங்கே போனதென்று தெரியவில்லை, இந்த ஒரு சொல்தான் வந்தது.

"எந்தத் துணி?" என்றாள் அஞ்சலாட்சி. அப்புறம் அவளே, "கொடில காயுது. காலைல நாலு அலசு அலசுனேன், பச்சைதான, கரைஞ்சிடுச்சி" என்றாள்.

அவர் வெளியே பார்த்தார். கைக்குட்டை அளவு வெள்ளை ஆடிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கினார், நாலு மூலையிலும் மினுக் மினுக்கென்று ஏதோ தெரிந்தது, ஊக்கு. வேகாத மண்ணைத் தண்ணீர் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று இந்த வேலைக்கு வருகிற எவருக்கும் முதல் நாளே தெரியும். காலையிலிருந்து அது கண்ணுக்கு எதிரேதான் இருந்தது.

"எப்புடித் தெரிஞ்சிது?"

"ஊக்கு. நாலயும் கோத்து பத்திரமா வச்சிருந்தீங்களே. களவாணிப் பய எவனாவது ஊக்கக் கழட்டி வச்சிட்டுப் போவானா? நீங்கதான் வைப்பீங்க."

ஜெரினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அண்ணி முக்கும்போது நான் கிட்டக்கூடப் போவலண்ணே, தட்டுல வச்சதும் அவுங்கதான், நான் செங்கல் மட்டுந்தான்" என்றாள்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தார் கொளஞ்சி.

"நீங்க கேட்டீங்களா?"

மிருதுளா மண்டி போட்டு உட்கார்ந்து அவர் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழும் இங்கிலீஷும் கலந்து என்னவோ சொன்னாள், ஹாலுக்கு நடுவில், தனியாக, மேலேயிருந்து ஒரே ஒரு வெளிச்சம், மற்ற முப்பத்தேழும் சுற்றிலும். "எப்ப சார் இத யோசிச்சீங்க? நான் கேட்டப்ப வெறும் கயிறுன்னீங்க" என்றாள். கயிற்றைத் திருடியவள் என்று காலையிலிருந்து அவளைச் சுமந்துகொண்டிருந்தது ஞாபகம் வந்து அவர் கூசினார். கூசின அதே நேரத்தில் வேறொரு நினைப்பும் ஓடியது. கயிறு என்னுடையது, முடிச்சு என்னுடையது, ஸ்லிப் என்னுடையது, அந்தத் தூள் கணக்கு என் ஒருவனுக்குத்தான் தெரியும், சூளை என்னுடையது. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அஞ்சலாட்சி மறுக்கமாட்டாள், அவள் கேசரித் தூக்கின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். மறுக்கமாட்டாள் என்பதுதான் உறுத்தியது. நாலாவதாக வந்தேன் என்பதையே ஒரு தடவைக்கு மேல் சொல்லாதவள். ஸ்லிப் வழிந்து நின்ற சொட்டுகளைப் பார்த்தார். அவர் கை என்றால் ஒரு சொட்டு நிற்காது. அந்தச் சொட்டுகள்தான் அதை உயிரோடு வைத்திருந்தன என்பதும் அவர் கைக்குத் தெரிந்தது.

"நான் பண்ணல. அந்தம்மா பண்ணது" என்றார்.

மிருதுளா திரும்பினாள். "அம்மா, இத நாங்க எடுத்துட்டுப் போலாமா? உங்க பேர் போட்டு?"

"கயிறு அவுருது. மண்ணும் அவுருது. நான் கோவத்துல முக்குனேன், அவ்ளதான். கோவத்துக்கெல்லாம் பேர் போடுவாங்களா? அவுரையே கேளும்மா."

"அது போவாது" என்றார் கொளஞ்சி.

கேசரியை எல்லோரும் வாழையிலைத் துண்டில் வாங்கித் தின்றார்கள். லாரன்ஸ் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினான். முப்பத்தேழையும் வைக்கோலும் பழைய பேப்பரும் வைத்துப் பெட்டிகளில் அடுக்கினார்கள், வேன் போனது, நாய் ரோடு வரை குரைத்துக்கொண்டே ஓடிவிட்டு வந்து படுத்தது. ஜெரினா செங்கல்தூளைப் பெருக்கினாள். "அந்தத் தூளு கணக்கு நாளைக்குச் சொல்றேன், வந்து நிறு" என்றார் அவர். அவள் நிமிர்ந்து பார்த்தாள், எதையோ சந்தேகப்படுகிறவள் மாதிரி. கொளஞ்சி நாற்காலியில் அப்படியே இருந்தார். மடியில் சுருள் ஆறிவிட்டது. எரிந்தது எரிந்ததுதான். பீர்க்கங்கூடு, முறம், மாமியார் பின்னின விசிறி, அதெல்லாம் எரிந்தபோது உள்ளே காலியாகிவிட்டது என்பது ஒரு செய்முறையாக இருந்தது. இப்போது விரலால் தட்டினால் உள்ளேயிருந்து வருகிற சத்தம் அப்படி இல்லை. அந்தக் கயிற்றில் எங்கோ முதல் சூளை இருந்தது, மொத்தமும் கருகிப்போன சூளை, அதற்கும் முடிச்சுப் போட்டார். மழையில் கொட்டகை சரிந்த வருஷம் இருந்தது. எது எங்கே என்று விரலுக்குத் தெரியும், மண் ஏறிய பிறகும் தெரிகிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். நொறுங்கிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்வட்டத்திலிருந்து ஒவ்வொரு புடைப்பாக நகர்ந்தார். ஐம்பது. நூறு. ஓரிடத்தில் சொட்டை முடிச்சென்று நினைத்து எண்ணி, சந்தேகப்பட்டு, திரும்பி வந்தார். இருநூறு. இருநூற்றுப் பன்னிரண்டு. விரல் நிற்கவில்லை, இன்னும் ஒரு புடைப்பு இருந்தது. சொட்டாக இருக்கும் என்று நகத்தால் தடவினார். சொட்டு இல்லை, சொட்டு ஒரு பக்கம்தான் தொங்கும், இது சுற்றிலும் உருண்டிருந்தது. கடைசிப் புடைப்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி மறுபடி எண்ணினார், இந்தத் தடவை வாய்விட்டு. அதே கணக்கு வந்தது. இந்தச் சூளைக்கு உரிய முடிச்சை, சூளை மூட்டுவதற்கு முன்னாலேயே, முக்குகிற அந்தக் கோபத்திலும் யாரோ போட்டு வைத்திருந்தார்கள். முடிச்சு எதற்கு என்று அவர் அவளிடம் சொன்னதே இல்லை.

அஞ்சலாட்சி கொடியிலிருந்து துணிகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள், எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சதுரம், ஊக்கு குத்தியபடியே. அவரைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"எத்தன இருக்கு?" என்றாள்.

"இருநூத்திப் பன்னெண்டு போக, மீதி ஒண்ணு" என்றார்.